மாமாவின் பெயரில் ஒரு ஸ்டார்

கோபத்தில் கடிதம் எழுதினால் கிழித்துப் போட்டுவிடலாம். ரிவியூ எழுதினால், நமக்குக் கோபம் ஆறுவதற்குள் ஊரே வாசித்து முடித்துவிடும். கலியாணம் முடித்த இரண்டாம் மாதமே இதைக் கற்றுக்கொண்ட மேதை நான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நான் குடிபோன சாய்ந்தமருது வீட்டில் மாமா, அதாவது மனைவியின் வாப்பா, ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ. — பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கல்முனைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக் குசினிகளைப் பரிசோதித்தே தலை நரைத்தவர். போன கடையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்று பெயர். அந்தப் பெயரைக் காணி உறுதிப் பத்திரம் போலக் காத்து வைத்திருந்தார். என்னிடம் அவர் பேசுவது "சாப்பிட்டீங்களா மகன்?" மட்டும்தான். (நானும் "ஓம் மாமா"வுக்கு மேல் போனதில்லை.)

ஒரு நாள் மனைவியைப் புதிதாகத் திறந்த ரெஸ்டூரண்டுக்குக் கூட்டிப் போனேன். கொத்து ரொட்டி சொல்லி ஒரு மணித்தியாலம் ஆயிற்று. கேட்கும்போதெல்லாம் வெயிட்டர், "இந்தா வருது நானா" என்றார். வந்தது, பக்கத்து மேசைக்கு. எங்களுக்கு வந்தது ஆறிப்போன ஃப்ரைட் ரைஸ். மேசையைத் துடைத்த துணியாலேயே பிளேட்டையும் துடைத்து வைத்தார். நான் கொதித்தெழுந்து, பில்லைக் கட்டிவிட்டு வந்தேன்.

வீரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. போனை எடுத்து ஒரு ஸ்டார் குத்தினேன். அந்தத் துணியை மட்டுமே பத்து வரி வர்ணித்தேன். "இந்தக் குசினியை மூடினால் ஊருக்கு நன்மை" என்று முடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் காலை, கடை முதலாளி இனிப்பு வட்டிலாப்பச் சட்டியோடு வாசலில் நின்றார்.

"சேர், பென்ஷன் எடுத்த பிறகும் என்ட கடைய மூடச் சொல்றீங்களே, நான் என்ன பிழை செஞ்ச?"

மாமா முதலாளியின் போனை வாங்கி வாசித்தார். ரிவியூவின் மேலே மாமாவின் பெயர், மாமாவின் படம். முந்தின நாள்தான் என் போனில் அவருக்கு ஒரு ஈமெயில் திறந்து, படமும் போட்டுக் கொடுத்திருந்தேன். அதிலிருந்து வெளியே வர மறந்துவிட்டேன். அவர் கட்டிக் காத்த பெயரை ஒரே இரவில் கடைத்தெருவில் போட்டுவிட்டிருந்தேன்.

"மகன், இத எழுதின ஆரு?"

"நான்தான் மாமா. தெரியாம உங்கட பேர்ல..."

"பேர உடுங்க. துணி உண்மையா?"

"வல்லாஹி உண்மை மாமா."

மாமா முதலாளியிடம் திரும்பினார். "அப்ப அது நான் எழுதினதுதான். சட்டியத் தூக்குங்க, குசினியப் பாப்பம்."

மூவரும் போனோம். மாமா கேட்டதும் அதே துணி வந்தது. அதன் நிறத்தைச் சொல்ல என் தமிழ் போதாது. இரண்டு விரலால் தூக்கி முதலாளியின் மூக்குக்கு நேரே பிடித்தார். முதலாளி மூன்று தரம் தும்மினார்.

"மருமகன் போட்ட ஒரு ஸ்டாரே அதிகம்தான், சேர்" என்றார் பாவம்.

பத்தே நாளில் மேசைக்கு வேறு துணி, பிளேட்டுக்கு வேறு துணி. மாமா தன் காசில் அங்கே கொத்துச் சாப்பிட்டு, என்னைக் கொண்டே நாலு ஸ்டார் போடுவித்தார்.

"அஞ்சு போடட்டா மாமா?"

"வேணாம். கொத்து வர இன்னும் சுணங்குது."

போன வருடம் மனைவியின் தங்கைக்கு மாப்பிள்ளை பேசத் தரகர் வந்தார். "தங்கமான புள்ள சேர். என்னத்த வெச்சாலும் ஒரு குத்தம் சொல்லாமத் தின்பார்."

"அப்ப சரிவராது" என்றார் மாமா. "மூத்த மருமகனப் போல ஒண்டு பாருங்க."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டில், கறிக்கு உப்பு இல்லை என்று நான் வாயைத் திறந்தால் போதும். "சொல்லுங்க, சொல்லுங்க. குத்தம் சொல்லத்தானே வாப்பா உங்கள எடுத்த" என்கிறாள் மனைவி.