கண்டென்சர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

காசிநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மலைமேல் இருக்கிற கரியாலூர் போவது. பெண்டாட்டி குஞ்சம்மாளிடம் கேட்காமல் போவது.

கேட்டால் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். ஏனென்றால் புதன்கிழமையே கேட்டுப் பார்த்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமையா? நல்லா கேட்டீங்க போங்க. திங்கக்கிழமை காலைல நம்ம தெரு தேவதர்ஷினிக்கு வளைகாப்பு. இருநூறு பேருக்கு இட்லி மாவு நம்மகிட்டதான் சொல்லிக்கீறாங்க. கிரைண்டர்ல ஆறு ஈடு போட்டு அரைக்கணும். நீங்க மலைக்குப் போயிட்டா குண்டான யாரு தூக்கறது?"

குஞ்சம்மாள் சங்கராபுரத்தில் மாவு அரைத்து விற்கிறவள். வீட்டு முன்னறையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கிரைண்டர் உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டில் மரியாதை முதலில் கிரைண்டருக்கு, அடுத்து குஞ்சம்மாளுக்கு, மிச்சம் மீதி இருந்தால் காசிநாதனுக்கு. குண்டான் தூக்குவதும் வண்டியில் வைத்துக் கடை கடையாகப் போடுவதும் அவர் வேலை.

கரியாலூர் மலையும் அங்கே ஏரியில் விடுகிற படகும் அவருக்குப் பெரிய விஷயமில்லை. சிநேகிதர் ஜெயப்பிரகாஷ் மலையில் தெரிந்தவர் ஒருவர் கொல்லையில் நாட்டுக்கோழிக் குழம்புக்கும் சாமைச் சோற்றுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். 'இத தூக்குங்க, அத இறக்குங்க' என்று யாரும் சொல்லாத ஒரு நாள். அதை நினைத்து மனுஷன் மூன்று நாளாக ஏங்கிப்போய்க் கிடந்தார்.

யோசனை சனிக்கிழமை வந்தது. பதினைந்து நாள் முன்னால் கிரைண்டர் நின்றுபோனபோது எலக்ட்ரீசியன் அய்யப்பன் வந்து கண்டென்சர் மாற்றினார். காசிநாதன்தான் டார்ச் பிடித்தார். பிடித்த நேரத்துக்கு நாலு கேள்வியும் கேட்டு வைத்தார். அந்தப் படிப்பு இப்போது உதவிக்கு வந்தது.

சாயங்காலம் குஞ்சம்மாள் மகளிர் குழு கூட்டத்துக்குப் போனாள். இவர் பிளக்கைப் பிடுங்கினார், மோட்டார் மேல் மூடியைக் கழற்றினார். சின்ன டம்ளர் உயரத்துக்குக் கறுப்பாக உட்கார்ந்திருந்த கண்டென்சரை உருவினார். ஒயர் முனைகளில் டேப் சுற்றி, மூடியைப் பழையபடி முடுக்கினார். கண்டென்சர் அவருடைய பட்டாப்பட்டி டவுசர் பைக்குள் போனது. மேலே வேட்டி.

திட்டம் சுத்தமானது. காலையில் மோட்டார் ஓடாது. புது கண்டென்சர் வாங்கக் கள்ளக்குறிச்சி போகிறேன் என்று கிளம்ப வேண்டியது. நேரே கரியாலூர். நாலு மணிக்குத் திரும்பி, அதே கண்டென்சரைப் புதுசு என்று மாட்டினால் ராத்திரிக்குள் ஆறு ஈடும் ஆகிவிடும். வளைகாப்புக்கும் பங்கமில்லை, கோழிக்கும் பங்கமில்லை. தன் நியாய உணர்ச்சியை நினைத்து அவருக்கே நெஞ்சு நெகிழ்ந்தது.

ஞாயிறு காலை ஆறரை மணி. குஞ்சம்மாள் சுவிட்சைப் போட்டாள். கிரைண்டர் 'ம்ம்ம்ம்' என்று உறுமியது. நகரவில்லை. அவள் சுவிட்சை அணைத்தாள்.

"கண்டென்சர் போயிடுச்சி," என்றார் காசிநாதன். அவர் அப்போது பக்கத்து அறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடின்னா இன்னாங்க?"

இருபத்தோரு வருஷத்தில் அவள் அவரிடம் ஒரு விஷயத்துக்கு விளக்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. காசிநாதன் வாய் கொப்பளித்துவிட்டு வந்து நின்றார்.

"மோட்டாருக்குள்ள ரெண்டு சுருளு கீது. நம்ம வூட்டுக்கு வர்றது சிங்கிள் பேஸ் கரண்டு. அது பெரிய சுருளுக்குப் போனா இப்பிடி இழுக்கும், அப்பிடி இழுக்கும், மறுபடி இப்பிடி இழுக்கும். எந்தப் பக்கம் சுத்தறதுன்னு மோட்டாருக்குத் தெரியாது. நின்ன எடத்துலயே உறுமிக்கினு நிக்கும்."

"அய்யோ பாவம்."

"கண்டென்சரு இன்னா பண்ணுதுன்னா, சின்ன சுருளுக்குப் போற கரண்ட கொஞ்சம் முந்தி அனுப்பிடுது. ஒருத்தன் முந்தி இழுக்கறான், ஒருத்தன் பிந்தி இழுக்கறான். அந்த வித்தியாசத்துலதான் சுத்தே ஆரம்பிக்குது."

இங்கே நிறுத்தியிருந்தால் மத்தியானம் கோழிக்கால் கையில் இருந்திருக்கும். ஆனால் குஞ்சம்மாள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சி அவருக்குப் புதுசு.

"ஃபேன்ல எல்லாம் கண்டென்சரு கடைசி வரைக்கும் கூடவே வேல செய்யும். நம்ம மோட்டாருக்கு அப்பிடி இல்ல. கெளம்பறதுக்கு மட்டும்தான். வேகம் எடுத்துட்டா உள்ள ஒரு சுவிட்சு அத வெட்டி வுட்டுடும். மொத தள்ளு ஒண்ணுதான் கொறச்சல்."

"அந்த மொத தள்ள நாமளே கையால தள்ளிட்டா?"

காசிநாதன் வேட்டிக்கு மேலாக டவுசர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஓடுமாங்க?"

"ஓடும்... ஆனா..."

"தள்ளுங்க."

குஞ்சம்மாள் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். காசிநாதன் காலி டிரம்மில் கை வைத்தார். கடைசி நிமிஷத்தில் ஒரு புத்தி தோன்றியது. தப்பான பக்கம் தள்ளிவிட்டால் ஓடாதே. முழு பலத்தையும் போட்டு எதிர்ப்பக்கமாகச் சுழற்றினார். அவள் சுவிட்சைப் போட்டாள். கிரைண்டர் ஒரு குறையும் இல்லாமல் எதிர்ப்பக்கமாக ஓடியது.

"எந்தப் பக்கம் தள்றாங்களோ அந்தப் பக்கம் ஓடுது பாருங்க. அதுக்குன்னு சொந்தமா ஒரு முடிவு கெடையாது போல," என்றாள்.

மோட்டாரைத்தான் சொன்னாள். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது.

இரண்டாவது தடவை சரியான பக்கம் தள்ளவைத்தாள். ஓடியது. ஊறிய உளுந்தை அள்ளிப் போட்டாள்.

"அப்ப நீ அரைச்சிக்கினு இரு. நான் கள்ளக்குறிச்சி போயி புதுசு ஒண்ணு வாங்கியாந்துடறேன்."

"இன்னும் அஞ்சு ஈடு கீதுங்க. ஒவ்வொரு ஈடுக்கும் நிறுத்தி வழிச்சிட்டு மறுபடி தள்ளணும். என் தோளு வேற வலிக்குது."

எட்டு மணிக்கு ஜெயப்பிரகாஷ் போன் செய்தார். "இன்னாடா காசி, மலையடிவாரம் கச்சிராயபாளையம் வந்துட்டோம். எங்க கீற?"

குஞ்சம்மாள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க சார், மாவு அரைச்சிக்கினு கீறோம் சார்," என்று வைத்துவிட்டார்.

கிரைண்டருக்கு மருந்து அவர் டவுசர் பையிலேயே இருந்தது. மாட்ட இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷம் அவள் அறையை விட்டு நகர வேண்டும்.

"பாலு பொங்கற வாசனை வர்ல?"

"அடுப்பே பத்த வெக்கலீங்க."

"வாசல்ல யாரோ கூப்புடறாங்க."

"கூப்புட்டா உள்ள வருவாங்க. நீங்க தள்ளுங்க."

நடுவில் கரண்டு இரண்டு தடவை போனது. பாரத்தோடு நின்ற டிரம்மை எந்த மனுஷனாலும் தள்ள முடியாது. அரைகுறை மாவை எல்லாம் குண்டானில் வழித்து, காலி டிரம்மைச் சுழற்றி, ஓடவிட்டு, மறுபடி அள்ளிப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தள்ளுக்கும் கண்டென்சர் வேட்டிக்குள்ளிருந்து அவர் தொடையில் ஒரு இடி இடித்தது. ஒரு மணிக்கு ஜெயப்பிரகாஷ் போட்டோ அனுப்பினார். இலையில் குழம்பு. காசிநாதன் அதைப் பார்த்துவிட்டு நேற்றைய புளிச்சோற்றைச் சாப்பிட்டார்.

ஐந்து மணிக்கு ஆறாவது ஈடு இறங்கியது. மூன்று குண்டானையும் வளைகாப்பு வீட்டில் இறக்கிவிட்டு வந்தபோது காசிநாதனால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. குஞ்சம்மாள் காபி கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு சந்தேகம்ங்க. ரிமோட்டுக்கு பேட்டரி எந்தப் பக்கம் போடறதுன்னு இன்னிக்கும் என்னதான் கேக்கறீங்க. மூடியக் கூட தொறக்காம, பல்லு தேச்சிக்கினே கண்டென்சருன்னு எப்பிடி கண்டுபுடிச்சீங்க?"

"எல்லாம் ஒரு அனுபவம்தான்."

"சரிங்க. தள்ளும்போதெல்லாம் தொடையில இடிச்சிக்கினே இருந்துச்சே, வலிக்கலயா?"

காசிநாதன் காபியைக் கீழே வைத்தார். வேட்டியை ஒதுக்கி, பையிலிருந்து கண்டென்சரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை முந்தானையால் துடைத்தாள். கோபமே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"கோழி விஷயத்த கமலா வியாழக்கிழமையே சொல்லிட்டாங்க," என்றாள். கமலா ஜெயப்பிரகாஷின் மனைவி. "கேட்டதும் எனக்குக் கஷ்டமாதான் இருந்துச்சி. நானும் கல்யாணம் ஆயி வந்த நாள்லருந்து அந்த மலைய பஸ் ஸ்டாண்டுல நின்னுதான் பாத்துக்கினு கீறேன். ஒரு தபா கூட்டிக்கினு போவணும்னு உங்களுக்குத் தோணல."

காசிநாதனுக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிக்கினு போறேன் குஞ்சம்மா," என்றார்.

"வேணாங்க. நேத்து கூட்டத்துல முடிவாயிடுச்சி. அதே ஞாயித்துக்கிழமை எங்க குழு பதினோரு பேரும் வேன் வெச்சி மலைக்குப் போறோம். அன்னிக்கு நாலு ஈடுதான், கம்மிதான். இப்ப இத மாட்டுங்க. சனிக்கிழமை சாயங்காலம் கழட்டி என் கையில குடுத்துடுங்க."

"எதுக்கு?"

"படகுல போவும்போது இது என் பையில இருந்தாதாங்க, நீங்க வூட்ல தள்ளிக்கினு கீறீங்கன்னு எனக்கு நிம்மதியா இருக்கும்."