ஆயுத பூஜைக்குக் காணாமல் போன எகிப்துப் பூனை

தனக்குத் துப்பறியும் மூளை இருக்கிறது என்று யாராவது சொல்லிக்கொண்டால், அவர் வீட்டாரை நினைத்து இரக்கப்படுங்கள். ஒன்பதாம் வகுப்பில் எனக்கும் என் தோழி நஸ்ரினுக்கும் அந்த மூளை முளைத்திருந்தது.

அம்மா அப்போது கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் தற்காலிகத் துப்புரவுப் பணியாளர். வேலை நிரந்தரமாகப் போகிறது என்று சொல்லியிருந்தார்கள். பள்ளி விட்டதும் முத்தியால்பேட்டைக்கு வீடு திரும்பாமல் நாங்களும் அங்கேதான் சுற்றுவோம். எகிப்து அறையில் ஒரு வெண்கலப் பூனை உண்டு. யாரோ ஒரு பிரெஞ்சு துரை விட்டுப்போனது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை அந்தப் பூனையைக் காணோம். கண்ணாடிப் பெட்டி மட்டும் பூட்டியபடி இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கண்ணாடியில மஞ்சளா வெரல் தடம் பாருடி," என்றாள் நஸ்ரின்.

முகர்ந்து பார்த்தேன். சந்தனம்! வாட்ச்மேன் அந்தோணி மாமாவின் நெற்றியிலும் சந்தனம். கிறிஸ்துவருக்கு எதற்குச் சந்தனம்? வசமாகச் சிக்கினார். (மறுநாள் விடுமுறை என்பதால் அன்றே அலுவலகத்தில் பூஜை போட்டு, ஜெராக்ஸ் மெஷினுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். அது மட்டும் மூளைக்கு எட்டவில்லை.)

"சார், பூனையத் திருடிட்டாங்க. யாருன்னும் கண்டுபுடிச்சிட்டோம்," என்று காப்பாட்சியரிடம் ஓடினோம்.

அவர் வெளுத்துப்போய் போலீசுக்குப் போன் போட்டார். போலீஸ் வருவதற்குள் அலுவலகத்தார் அந்தோணி மாமாவின் டிபன் கேரியரைக்கூடத் திறந்து பார்த்தார்கள்.

"இருவது வருசமா இந்த கேட்டுல நிக்கிறேன். என்னையா பாப்பா சொல்ற?" என்றார் மாமா, அழாத குறையாக.

அப்போது பின்பக்க ஸ்டோர் ரூமில் மணிச் சத்தம். ஓடிப் பார்த்தால், விளக்குமாற்றுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில் மாலையும் குங்குமமுமாகப் பூனை. எதிரே இலையில் பொரிகடலை. கையில் கற்பூரத் தட்டோடு அம்மா.

"தொடைக்கச் சொல்லி சாவி குடுத்தீங்களே சார். அவுங்க ஊருல அது சாமின்னு நீங்கதான சொன்னீங்க? வருசம் பூரா கண்ணாடிக்குள்ள பட்டினி கெடக்குதே, நாலு பொரியாச்சும் படைக்கலாம்னு..."

போலீஸ்காரர் வந்து பொரி சாப்பிட்டுவிட்டுப் போனார். நிரந்தர வேலைப் பேச்சு அத்தோடு நின்றது. அம்மாவை வாசலில் பைகளுக்கு டோக்கன் கொடுக்க மாற்றிவிட்டார்கள். "உங்க பொண்ணு ரொம்ப புத்திசாலிம்மா" என்று காப்பாட்சியர் அம்மாவிடமே பாராட்டினாராம்.

இன்றும் வீட்டில் டிவி ரிமோட் காணாமல் போனால் யாரும் தேடுவதில்லை. அம்மா இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறாள்.

"மாட்டும்மா வெலங்க. ஊரெல்லாம் சுத்திட்டு கடைசியில எங்கிட்டதான வருவ?"