தோற்கத் தெரியாத சம்பந்தி

“நீங்க தோத்துருங்க,” என்று சீனித்தாய் அடுப்படியில் வைத்துக் கணவனின் காதைக் கடித்தாள். “மாப்பிள்ளை வீட்டுக்காரரை ஜெயிச்சுட்டு அவிய மூஞ்சில எப்படி முழிக்க?”

இசக்கியப்பனுக்கும் அதே கவலைதான். மகள் சங்கரம்மாளைக் கழுகுமலைக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. தலையில் பூ வைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா மாடக்கண்ணு, மஞ்சள் பையிலிருந்து சதுரங்கப் பலகையை எடுத்துவிட்டார்.

“ஒரு ஆட்டம் போட்டுட்டுப் பேசுவோம், அண்ணாச்சி.”

ஏற்கெனவே இரண்டு இடம் கை நழுவிப் போயிருந்தது. இதுவும் போனால் கோவில்பட்டியில் தலைகாட்ட முடியாது.

வெள்ளைக் காய் இசக்கியப்பனுக்கு வந்தது. மில்லில் சாப்பாட்டு நேரத்தில் ஆடிப் பழகியவர். நாலாவது நகர்த்தலுக்குள் மாடக்கண்ணு மந்திரியைப் பாய்ச்சி, இவர் குதிரையை அசையவிடாமல் மடக்கினார். அசைந்தால் பின்னாலிருக்கும் ராணி போய்விடும்.

“இது நம்ம பூட்டு, அண்ணாச்சி. விளாத்திகுளம் போட்டியில ஒருத்தனும் இதத் தாண்டல.”

நல்லதாகப் போயிற்று என்று இசக்கியப்பன் அந்தக் குதிரையையே நகர்த்தி, ஒரு சிப்பாயை வெட்டினார். மாடக்கண்ணு ராணியைத் தூக்கிக்கொண்டார். கதவோரம் சீனித்தாய்க்கு மூச்சு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். சீக்கிரம் முடியட்டும் என்று தன் மந்திரியையும் கறுப்பு ராஜாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

“செக்கு. வெட்டுங்க, அண்ணாச்சி.”

“எப்படி வெட்ட? ஒங்க குதிரைல்லா காவலுக்கு நிக்கி,” என்று ராஜாவை ஒரு கட்டம் முன்னால் நகர்த்தினார் மாடக்கண்ணு.

இசக்கியப்பனுக்கு இன்னொரு குதிரை மிச்சமிருந்தது. அதையாவது வெட்டித் தொலையட்டும் என்று நட்டநடுவில் வைத்தார்.

மாடக்கண்ணு குனிந்து பார்த்தார். ராஜாவைத் தொட்டார், விட்டார்.

“ராஜாவுக்குப் போக்கிடம் இல்ல. நீங்க ஜெயிச்சுட்டிய,” என்றார்.

இசக்கியப்பன் நம்பாமல் கட்டங்களை எண்ணினார். மெய்தான். பெற்ற மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டாரே. சீனித்தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாடக்கண்ணு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“தெரியாம நடந்துபோச்சு, அண்ணாச்சி. இன்னொரு ஆட்டம் போடுவோம்,” என்று இசக்கியப்பன் குழறினார்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் அம்மா வெயிலுகந்தம்மாள், பையிலிருந்து பிச்சிப்பூவை எடுத்துச் சங்கரம்மாள் தலையில் வைத்தாள்.

“ஆறு வீட்ல வேணும்னே தோத்துக் குடுத்தாவ, பொய் ஆட்டம் ஆடுத வீட்ல பொண்ணு வேண்டாம்னு இவிய எந்திரிச்சு வந்துட்டாவ; நெசமா ஆடுன ஒரே ஆளு நீங்கதான், அண்ணாச்சி.”