எமிலியானுஸின் பதினான்கு இடங்கள்

சுற்றுலாத் தலைவர் என்றொரு பிறவி உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் விசில், கையில் பட்டியல். ஓரிடத்தில் இறங்குமுன்பே திரும்பி ஏற வேண்டிய நேரத்தைச் சொல்லிவிடுவார். இடத்தைப் பார்க்கவா வருகிறார்? பார்த்தாயிற்று என்று கோடு போடத்தான்.

மன்னார்த் தீவு எமிலியானுஸ் இந்த இனத்தில் முதல்தரம். இருபது வருடமாகப் பங்குக் கோவிலில் தவக்காலச் சிலுவைப்பாதையை, ஆண்டவர் சிலுவை சுமந்ததை நினைத்துப் பதினான்கு நிலையங்களில் நின்று செபிப்பதை, நடத்தியவர்: நில், முழந்தாளிடு, செபி, எழும்பு, அடுத்த நிலையத்துக்கு நட. நுவரெலியாச் சுற்றுலாவையும் அதே மாதிரிப் பதினான்கு இடங்களாகப் பிரித்திருந்தார். நீர்வீழ்ச்சி, தேயிலைத் தொழிற்சாலை, பூங்கா, வாவி, எதுவானாலும் பத்து நிமிடம். அதில் எட்டு நிமிடம், வாடகை வானில் கூட வந்த பங்குச் சனம் பதினெட்டுப் பேரையும் எண்ணி வரிசையில் நிறுத்தப் போய்விடும். மிச்ச இரண்டில் நீர்வீழ்ச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படத்துக்குச் சிரிக்க வேண்டும்.

அவருடைய மனைவி செலீனாவுக்கு ஒரேயொரு ஆசைதான்: அருவியில் தலையோடு குளிக்க வேண்டும். வீட்டுக் கிணற்று உவர்த் தண்ணீரில் முப்பது வருடமாகச் சவர்க்காரம் ஒழுங்காக நுரைத்ததேயில்லை. ஐந்து நீர்வீழ்ச்சிகளில் கெஞ்சிப் பார்த்தாள். ஐந்திலும் விசில். தலை துவட்டவென்று கொண்டுவந்து மடியில் நனையாமல் கிடந்த துவாயைப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

றம்பொடை தாண்டியதும் வானின் எஞ்சின் சூடேறிவிட்டது. சாரதி ஹுசைன் வீதியோரம் பெயரில்லாத ஒரு சிற்றருவியடியில் நிறுத்தினார். செலீனா துவாயும் சவர்க்காரமுமாக இறங்கினாள். சேலையோடு நேரே போய்த் தண்ணீருக்குள் நின்றாள்.

"இஞ்சேருமப்பா, இது லிஸ்டிலை இல்லை! கெதியா ஏறும்! சிலுவைப்பாதையிலை ஆரும் ஒரு நிலையத்திலேயே நிக்கிறவையோ?"

"ஏன், ஆறாம் நிலையத்திலை வெறோனிக்கா நிண்டவ தானே, ஆண்டவற்றை முகத்தைத் துடைக்க? அவ துணியோடை வந்தவ, நான் துவாயோடை வந்தனான். நீங்கள் போங்கோ."

வானுக்குள் யாரோ பக்கென்று சிரித்தார்கள். பாடகர் குழு ஜெசிக்கா இறங்கினாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். கடைசியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஹுசைனும். செலீனா தலையில் சவர்க்காரம் தேய்த்தாள். நுரை வந்தது, வந்துகொண்டேயிருந்தது. சந்தோசத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எமிலியானுஸ் ஊதினார், ஊதினார். அருவிச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அன்றைக்கு மிச்ச இடங்கள் எல்லாம் பார்க்காமலே போயின. அதற்காகக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: இதை வாசிக்கத் தொடங்குமுன், எங்கே முடிகிறது என்று ஒருதரம் கடைசிவரை எட்டிப் பார்த்தது யார்?