லாஸ்ட் டேபிளை அழித்த கதை

படித்து முடித்த புதிதில் எனக்கு எல்லாம் தெரியும். இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஜோலார்பேட்டையில் ரயிலேறி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். கணினியில் தகவல்களைச் சேர்த்துவைக்கும் டேபிள்கள் என் பொறுப்பு. முன்பு இருந்தவர் அவற்றுக்கு வாய்க்கு வந்தபடி பெயர் வைத்திருந்தார். (ஒரு டேபிளின் பெயர் 'ரஃபி கேட்டது'. ரஃபி யார், என்ன கேட்டார், யாருக்கும் தெரியவில்லை.)

முதல் வாரமே பெயரிடும் விதிகள் எழுதினேன். நான்கு பக்கம். ஆள் பெயர் கூடாது, எல்லாம் ஒருமையில் இருக்க வேண்டும், 'ஓல்டு', 'நியூ', 'லாஸ்ட்' போன்ற சொற்கள் வரவே கூடாது. மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து பல பெயர்களைத் திருத்தினேன். 'ஓல்டு', 'லாஸ்ட்' என்றிருந்தவை யாரோ மறந்துபோன மிச்சம் என்று அழித்தேன். திறந்து பார்த்திருக்கலாம். (விதிகளில் அது இல்லை.)

திங்கட்கிழமை புரொடக்‌ஷன் பார்க்கும் நசீர் பாய் வந்தார். புதன்கிழமை ஆர்டர் கொடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களாம்.

"இன்னாம்மா, லாஸ்ட்ட காணோம்?"

"கடைசியா எது வேணும் பாய்?"

"கடைசி இல்லம்மா. லாஸ்ட்டு."

"அதான் பாய், கடைசியா எது?"

நசீர் பாய் போய் ஒரு பிளாஸ்டிக் பாதத்தைக் கொண்டுவந்து என் கீபோர்டு பக்கத்தில் வைத்தார். இதன்மேல் தோலை இழுத்துப் பொருத்தினால்தான் ஷூவுக்கு வடிவமே வருமாம்.

"இதும் பேருதாம்மா லாஸ்ட்டு. எந்த சைஸ்ல எத்தினி ஜோடி கீதுன்னு அந்த டேபிள்லதான் இருந்துச்சி."

பேக்கப் இருந்ததே? இருந்தது. அதன் பெயர் 'ஓல்டு' என்று தொடங்கியதால் அதைத்தான் முதலில் அழித்திருந்தேன்.

வேலை போச்சு என்று அழுதேன். நசீர் பாய் மேனேஜரிடம் சொல்லவில்லை. அழுவதைப் புதன்கிழமைக்குமேல் வைத்துக்கொள்ளச் சொல்லி ஸ்டோருக்கு அழைத்துப் போனார். அலமாரி அலமாரியாகக் கால்கள். இரண்டு நாள் நானும் ஸ்டோர் அக்காக்களும் இடது, வலது என்று எண்ணினோம். நாற்பத்தொன்றாம் சைஸில் மட்டும் ஓர் இடது கால் குறைந்தது. மூன்று முறை எண்ணியும் கிடைக்கவில்லை. அது என் மேஜையிலேயே இருந்தது.

புதன்கிழமை காலை பட்டியல் தயார். வேலையும் தப்பியது. விதிகளில் ஐந்தாம் பக்கம் ஒன்று சேர்த்தேன்: 'எதையும் அழிக்கும் முன் நசீர் பாயைக் கேட்கவும்.'

ஆனால் இதை வீட்டில் சொன்னதுதான் பெரிய தப்பு. போன வருடம் எனக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். பார்க்க வந்த அத்தை, "இதான் லாஸ்ட்டா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா சொன்னார்: "அவள கேக்காதீங்க அண்ணி. லாஸ்ட்டுன்னா இன்னான்னு அவளுக்குத் தெரியாது."