எந்தமாடு சார்

பசுவைப் பற்றிய கட்டுரையைப் பசுவின் சொந்தக்காரியிடமே திருத்தக் கொடுத்த வாத்தியார் உலகத்தில் ஒருவர்தான். அவர் நாஞ்சில் நாட்டில் பிறந்து, எங்கள் தலையில் வந்து விடிந்தார்.

"பசு நாலு கால் உள்ள சாதுவான பிராணி" என்று எழுதிக் கொடுத்தால், "எந்த மாடுலே?" என்பார். அதனால் அவருக்கு எந்தமாடு சார் என்றே பேர். ஒரு கையில் எங்கள் கட்டுரை, மறு கையில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. 'அழகிய' என்ற சொல்லைக் கண்டால் போதும், தும்மிவிடுவார். முன் பெஞ்சு நனையும். நான் ஒருமுறை ஒரே பக்கத்தில் ஏழு 'அழகிய' போட்டிருந்தேன். அன்றைக்கு வகுப்பையே கலைக்க வேண்டியதாயிற்று.

ஒரு நாள் பால்காரி தங்கம்மையை வகுப்புக்கே அழைத்து வந்துவிட்டார். அவளுடைய மாட்டைப் பற்றி நான் எழுதியதை அவள் முன்னாலேயே படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சாரே, நாலு காலும் ரெண்டு கொம்பும் எல்லா மாட்டுக்கும் உண்டு. இதிலே எனக்க மாடு எங்க?" என்றாள்.

"கேட்டியாலே? போய் மாட்டைப் பாத்துட்டு வா" என்றார் சார்.

மூன்று சாயங்காலம் தொழுவத்தில் நின்றேன். இரண்டு உதை வாங்கினேன். கோயில் மணி அடிக்காமல் அந்த மாடு பால் இறக்காது என்பதைக் கண்டுபிடித்து எழுதினேன்.

"இப்பம் மாடு வந்தாச்சு. வாலைத்தான் காணல்ல" என்றாள் தங்கம்மை. சார் அரை மார்க்கைக் குறைத்துவிட்டார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். 'பசு பயனுள்ள பிராணி' என்று ஒருவன்கூட எழுதவில்லையே என்று குதித்தார். சார் கையைக் கட்டிக்கொண்டு, "எந்த மாடு சார்?" என்று கேட்டார். சாரின் வேலை தப்பியது ஆண்டவன் புண்ணியம்.

போன மாதம் சார் காலமாகிவிட்டார். நான்தான் இப்போது பத்திரிகை எழுத்தாளன் ஆயிற்றே! 'ஒழுக்கசீலர், தமிழ்த் தொண்டர், அழகிய உள்ளம் படைத்தவர்' என்று எழுதிக் கொண்டுபோய் சாரின் மனைவி சாரம்மாவிடம் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"செத்த எல்லாருக்கும் இதைத்தான் எழுதுவாவ மக்கா. இதிலே அவிய எங்க?"

வீட்டுக்கு வந்து அதைக் கிழித்துப் போட்டேன். நீங்கள் மேலே படித்ததை எழுதிக்கொண்டு மறுபடியும் போனேன். தும்மல் வந்த இடத்தில் சாரம்மா சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது அவியதான்" என்றார்.

சாரே, இந்தத் தடவை வாலையும் கொண்டுவந்துவிட்டேன். அந்த அரை மார்க்கை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?