எல்லோருக்கும் இரண்டாமவன்

மாணவர் தேர்தல் என்றதும் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கத்துகிறவனையும், வண்ணச் சட்டை போட்டுக்கொண்டு வழிமறிக்கிறவளையும்தான் நினைப்பீர்கள். அவர்கள் கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு ரகம். யாரோடும் சண்டை போடாத, யாருக்கும் ‘இல்லை’ சொல்லத் தெரியாத, ‘நீயும் சரி, அவனும் சரி’ ரகம். அடிலெய்டில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். செப்டம்பர் பிறந்தால் ஓட்டு எண்ணவும் என்னைத்தான் உட்கார வைப்பார்கள். ஆகவே இந்த ரகத்தை எனக்குத் தெரிந்த அளவு அதைப் பெற்ற அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

போன தேர்தலில் இதன் பெயர் ஆங்கஸ் டன்லப். தலைவர் பதவிக்கு மூன்றாம் தடவையாக நின்றான். கடைசி வருஷம் வேறு; இதிலும் தோற்றால் அத்தோடு சரி. கொள்கை? ஒன்றே ஒன்று. நூலகத்தின் கீழ்த்தளத்தில் மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றுதான் இருக்கிறது, மதியம் அதன் முன்னால் நாற்பது பேர் டப்பாவும் கையுமாக நிற்கிறார்கள், அதை ஆறாக்க வேண்டும். தினமும் ஒன்றரை மணி நேரம் ரயிலில் வந்து, முந்தின நாள் பாஸ்தாவை மூன்று வருஷமாகச் சில்லென்று தின்கிறவனின் வயிற்றெரிச்சல் அது. நியாயம்தானே?

வாக்குச்சாவடிக்கு முன்னால் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. அதைத் தாண்டி யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது. கோட்டுக்கு வெளியே சும்மா விடுவார்களா? இடது கையைப் பிடித்து இழுக்கும் ஆரஞ்சுச் சட்டை, வலது கையைப் பிடிக்கும் பச்சைச் சட்டை, ரொட்டிக்குள் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்து மூக்குக்கு நேரே நீட்டும் ஊதாச் சட்டை, போதாததற்கு மரத்திலிருந்து மண்டையைக் குறிபார்த்துப் பாயும் மேக்பை பறவை, இத்தனையையும் கடந்து வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தவனுக்குப் பரீட்சையே வைக்காமல் பட்டம் கொடுக்கலாம். ஆங்கஸ் யாரையும் இழுக்கமாட்டான். கூடவே நடப்பான்.

“யாருக்கு மச்சி ஓட்டு?”

“பிரிட்டாவுக்கு.”

“அடடே, பிரிட்டா நல்ல பொண்ணாச்சே! அவளுக்கே ஒண்ணு போடு. எனக்கு ரெண்டு போட்டா போதும்.”

அடுத்தவன் ‘தியோவுக்கு’ என்பான். உடனே தியோவும் தங்கமான பையனாகிவிடுவான். ஆங்கஸுக்கு எல்லோருமே மச்சி. நரைத்த தலை எனக்கும் அதே மரியாதைதான்.

எங்கள் வாக்குச்சீட்டில் ஐந்து பேர் நின்றால் ஐந்து பேருக்கும் பிடித்த வரிசையில் எண் போட வேண்டும். ‘ஒன்று’ மிகக் குறைவாக வாங்கியவர் முதலில் வெளியே. அவருக்கு விழுந்த சீட்டுகள், அவற்றில் யாருக்கு ‘இரண்டு’ இருக்கிறதோ அவருக்குப் போகும். இதை வைத்து ஆங்கஸ் ஒரு கணக்குப் போட்டான். “நாலு பேரும் ஒவ்வொருத்தரா வெளியே போவாங்க மச்சி. நாலு பேர் சீட்டும் நேரா எங்கிட்டதானே வரணும்?” வரும்டா. அதுவரைக்கும் நீ உள்ளே இருக்க வேண்டாமா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தேர்தல் வேலையில் இருக்கிறவள் வாயைத் திறக்கக் கூடாதென்று விழுங்கிக்கொண்டேன்.

ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நான்கு கோஷ்டிகளும் ‘இப்படி எண் போடுங்கள்’ என்று நீட்டும் துண்டுச்சீட்டில் ‘இரண்டு: ஆங்கஸ்’ என்று அச்சடித்தன. அப்படியொரு ஒற்றுமையை இந்த வளாகம் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை எண்ணினோம். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சீட்டுகள். அவற்றில் தொள்ளாயிரத்தில் ஆங்கஸுக்கு ‘இரண்டு’ விழுந்திருந்தது. ‘ஒன்று’? நான்கே நான்கு. முதல் சுற்றிலேயே பையன் வெளியே. வெளியே போனவனுக்கு விழுந்த அந்தத் தொள்ளாயிரம் ‘இரண்டு’களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரிட்டா ஜெயித்தாள்.

ஆங்கஸ் மேஜை ஓரத்தில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

“அந்த நாலு பேர் யாருன்னு தெரியல மச்சி. கட்டிப்பிடிச்சு நன்றி சொல்லணும்.”

எப்படிச் சொல்வேன்? சீட்டில் முதல் பெயர் அவனுடையது. அந்த நான்கிலும் மேலிருந்து கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தது. இங்கே அதற்குப் பெயரே கழுதை ஓட்டு.

“அதுல ஒண்ணு உன்னோடதா இருக்கும்,” என்று சமாளித்தேன்.

“இல்லையே. நான் பிரிட்டாவுக்கு ஒண்ணு போட்டேன். ரெண்டுதான் எனக்கு.”

“அட பாவி! ஏன்டா?”

“அவ எனக்கு ரெண்டு போடச் சொல்றான்னா, பதிலுக்கு நான் அவளுக்கு ஒண்ணு போடறதா வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறலாமா?”

“அடுப்பு விஷயமாவது அவ கவனிப்பாளா?”

“கண்டிப்பா மச்சி!” முகம் மலர்ந்துவிட்டது. “அவ பட்டியல்ல அது ரெண்டாவதா இருக்கு.”

இப்போதும் ஒரே அடுப்புதான். வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது.

பாவம், பிழைக்கத் தெரியாத பையன் என்று உச்சுக்கொட்டுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் அலுவலகத்திலும் குடியிருப்புச் சங்கத்திலும் ‘அவரா, ரொம்ப நல்ல மனுஷராச்சே’ என்று உங்களைப் பற்றி யாராவது சொன்னால், எத்தனையாவது என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். இங்கே நான் கேலி செய்தபோதும் ஆமாம் என்றீர்கள், பரிதாபப்பட்டபோதும் ஆமாம் என்றீர்கள். அப்போதே உங்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகம்.